தண்ணீருக்கு மேலே போகும் ஒரு ரேடியோ இணைப்பும் மாலை நேர நெரிசலும்: பாக் விரிகுடாக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு சிற்றூர். அங்கே நீண்ட காலம் கேபிள் டிவி நடத்திவந்தவர், பார்ப்பவர்கள் செல்போனுக்குப் போய்விட்டதால், அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கினார். மேலே ஒரு பெரிய நிறுவனத்திடம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) மொத்தமாக வாங்கி, கீழே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஊரில் அவரை இன்னும் கேபிள்காரர் என்றே சொல்கிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஊரிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டர் தள்ளி, கடல் உள்வாங்கிய வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு மீனவக் குடியிருப்பு. அறுபது வீடுகளுக்குக் கொஞ்சம் மேல் இணைப்பு எடுத்திருந்தார்கள். கூடவே ஒரு நண்டு கம்பெனி. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நீல நண்டை வாங்கி, அவித்து, சதை பிரித்து அனுப்பும் கொட்டகை அது. சாலைவழி போனால் கருவேலங்காட்டையும் கண்மாய்க் கரையையும் சுற்ற வேண்டும். அந்த வழியில் ஃபைபர் இழுக்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் அலுவலக மொட்டைமாடிக் கோபுரத்திலிருந்து குடியிருப்பின் சமுதாயக்கூடக் கம்பத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ இணைப்பு. இந்த அலைவரிசைக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை என்பதால் சின்ன நிறுவனங்கள் எல்லாம் இதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு கம்பத்துக்கும் நடுவில் முழுக்கத் தண்ணீர்.

நல்ல நேரத்தில் அந்த ரேடியோவில் ஏறத்தாழ 80 எம்பிபிஎஸ் போகும். ஒரே அலைவரிசையில் இறக்கத்தையும் (டவுன்லோட்) ஏற்றத்தையும் (அப்லோட்) நேரம் பிரித்து அனுப்பும் வகை அது. முக்கால் பங்கு இறக்கத்துக்கு, கால் பங்கு ஏற்றத்துக்கு என்று தொடக்கத்திலேயே அமைத்துவிட்டார்கள். ஆக இறக்கம் 60, ஏற்றம் 20.

புகார்கள்

ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் தொடங்கியது. ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். அந்த வாரமே புகார் வர ஆரம்பித்தது. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல், வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகள் கூப்பிடும் நேரத்தில், பேச முடியவில்லை. புகார் நோட்டில் ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்: “தம்பி, மவன் வாய் அசையுது, சத்தம் வரல. சத்தம் வரும்போது அவன் வேற ஏதோ பேசிக்கிட்டிருக்கான்.” இதைவிடத் துல்லியமான தாமத அறிக்கையை எந்தப் பொறியாளரும் எழுதப் போவதில்லை.

வேகச் சோதனை செய்து பார்த்தால் 15, 20 எம்பிபிஎஸ் காட்டியது. ஒரு வீடியோ அழைப்புக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் போதும். “வேகம் இருக்கு, பேச முடியல” என்பதை யாரும் முதலில் நம்பவில்லை.

முதலில் எடுத்த நடவடிக்கைகள்

கடற்கரையில் எதுவானாலும் முதல் சந்தேகம் உப்புக்காற்றின் மேல்தான். கம்பத்தில் ஏறி கேபிள் முனைகளைப் பார்த்தார்கள். செம்பு பச்சை பூத்திருந்தது. மாற்றினார்கள். அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான், ஆனால் புகார் நிற்கவில்லை.

அடுத்து, தடைக்காலம் முடிந்தால் கூட்டம் குறையும் என்று காத்திருந்தார்கள். ஜூன் 14 கடந்து படகுகள் போயின. புகார் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம் மேல்நிறுவனத்திடம் 100 எம்பிபிஎஸ்ஸை 200 ஆக்கினார், ஓராண்டு ஒப்பந்தத்தில். குடியிருப்பில் எதுவும் மாறவில்லை. மண்டபத்தில் சாலையை இரண்டு மடங்கு அகலமாக்கினால் பாம்பன் பாலத்தில் வண்டிகள் வேகமாகப் போய்விடாது அல்லவா, அதே கதை. இந்தக் கட்டத்தில்தான் என்னை அழைத்தார்கள்.

அளந்து பார்த்தபோது

எங்கே காத்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு வீட்டில் உட்கார்ந்து நான்கு இடங்களுக்கு ஒரே நேரத்தில் பிங் (சிறு சேதி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) ஓடவிட்டோம்: அந்த வீட்டு ரவுட்டர், சமுதாயக்கூடத்தில் வீட்டு இணைப்புகள் சேரும் சுவிட்ச், அலுவலக ரவுட்டர், மேல்நிறுவனத்தின் நுழைவாயில். மாலை ஐந்து மணிக்கு அலுவலக ரவுட்டர் 5 மில்லி நொடிக்குள் பதில் சொன்னது. ஒன்பது மணிக்கு அதே ரவுட்டர் 1,400 மில்லி நொடி எடுத்துக்கொண்டது. சுவிட்ச் வரை ஒன்றிரண்டு மில்லி நொடிதான். அலுவலகத்திலிருந்து மேலே போகும் இணைப்பிலும் கூடுதல் தாமதம் இல்லை. அதாவது வரிசை முழுவதும் ரேடியோவின் வாயில், அதுவும் ஏற்றத் திசையில் நின்றது.

20 எம்பிபிஎஸ் பாதையில் 1.4 நொடி காத்திருப்பு என்றால் 28 மெகாபிட், அதாவது 3.5 மெகாபைட் உள்ளே தேங்கி நிற்கிறது. 1,500 பைட் பாக்கெட்டுகளாக (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு பொட்டலங்கள்) எண்ணினால் 2,300க்கு மேல். ரேடியோவைச் செய்தவர்கள் ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்று தாராளமாக நினைவகம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாராளம்தான் சிக்கல்.

காரணம், இணையத்தில் தரவு அனுப்பும் வேகத்தை முடிவுசெய்யும் டிசிபி என்ற நெறிமுறை பொதுவாகத் தன் வேகத்தைக் குறைப்பது பாக்கெட் தொலைந்தது என்று தெரிந்தால்தான். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டாகச் சரிந்தது. அதற்கான காரணத்தைத் தேடி, அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வேன் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட வழிமுறைதான் இன்றைய நெரிசல் கட்டுப்பாட்டின் அடிப்படை: மெல்ல மெல்ல வேகம் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் சட்டெனக் குறை. லினக்ஸ் இயங்குதளத்தில் 2006 முதல் இயல்பாக வரும் க்யூபிக் என்ற டிசிபி வகையும் இழப்பைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறது. இப்படிப் பெரிய நினைவகத் தொட்டி வைத்த ரேடியோவில் இழப்பு நேர வெகு நேரம் ஆகும். அதுவரை அனுப்புபவர் பாதை காலி என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போவார். தொட்டி நிரம்பியபின் எல்லோரும் அதன் கடைசியில் நிற்க வேண்டியதுதான், ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் மட்டுமே தேவைப்படும் அந்த அம்மாவின் பேச்சும் சேர்த்து. பேச்சுக்கு ஒரு திசையில் 150 மில்லி நொடிக்குள் தாமதம் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பரிந்துரை. இங்கே அதைப்போல ஒன்பது மடங்கு.

யார் நிரப்பினார்கள்? இரண்டு பேர். ஒன்று, வீட்டுச் செல்போன்கள். இரவில் சார்ஜில் போட்டதும் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் தானாக மேலே ஏற்றும். தடைக்காலத்தில் புகார் அதிகமானது இதனால்தான். இரண்டு, நண்டு கம்பெனி. சதை பிரிக்கும் கொட்டகையின் கேமராப் பதிவுகளை வேலை முடிந்தபின் வெளியூரில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அந்த மென்பொருள் வேகத்துக்காக ஒரே நேரத்தில் எட்டு தொடர்புகளைத் திறந்தது. டிசிபி பங்கு பிரிப்பது தொடர்புக்குத் தொடர்பு. எட்டு திறந்தவருக்கு எட்டுப் பங்கு, ஒன்று திறந்தவருக்கு ஒன்று.

யாருக்கு எவ்வளவு: எடுத்த முடிவுகள்

தொழில்நுட்பத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

கேபிள்காரரின் முதல் யோசனை, வீட்டுக்கு வீடு ஏற்றத்தை 1 எம்பிபிஎஸ்ஸில் பூட்டுவது. அறுபது வீடும் ஒன்றாக அனுப்பினால் அப்போதும் 60 வரும், பாதை 20தான். பகலில் பாதை காலியாகக் கிடந்தாலும் யாரும் பயன்படுத்த முடியாது. கைவிட்டோம்.

அவருடைய தங்கை மகன் சொன்னது, “எட்டு மணிக்கு மேல யூடியூப்ப அமுக்கிருவோம் மாமா.” என்ன பார்க்கிறார்கள் என்பதை வைத்து வேகத்தை வெட்ட 2018 முதல் இணைய சமநிலை விதிகள் இடம் தரவில்லை. அதோடு யூடியூப் பார்ப்பது இறக்கம், நெரிசல் ஏற்றத்தில். பேச்சுப் பாக்கெட்டுகளுக்கு மட்டும் முன்னுரிமை கொடுக்கலாமா என்றும் யோசித்தோம். வாட்ஸ்அப் அழைப்பு மறையாக்கத்தோடு வருகிறது, போகும் வழியில் முன்னுரிமைக் குறிகளும் அழிந்துவிடுகின்றன. எது பேச்சு, எது படம் என்று ஊகித்துக்கொண்டிருப்பது நிலையான வழி ஆகாது.

கடைசியில் ஒத்துக்கொண்ட கொள்கை எளிது: குறைவாகக் கேட்பவருக்குக் கேட்டதை முழுதாகக் கொடு, மிச்சத்தை அதிகம் கேட்பவர்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளட்டும். கணக்கு வீட்டுக்கு வீடு, தொடர்புக்குத் தொடர்பு வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ரவுட்டருக்கும் அலுவலகம் ஒரே ஒரு முகவரி கொடுப்பதால் இது கைகூடியது.

நண்டு கம்பெனி மற்றவர்களைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டுகிறது. அவர்களை ஒரு வீடாக மட்டும் கருதினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமும் இல்லை. அதன் மேலாளரிடம் உட்கார்ந்து பேசியதில் ஒரு விஷயம் தெரிந்தது. கேமராப் பதிவு காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் போதும், இரவு எட்டு மணிக்கே போகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. “யாரும் இத எங்கிட்ட கேக்கவே இல்லையே பாய்” என்று அவர் கேபிள்காரரைப் பார்த்துச் சொன்னார். ஆக, மாலையில் அவர்களுக்கு 4 எம்பிபிஎஸ் உறுதி. பாதை காலியாக இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும். பெரிய பதிவுகள் நள்ளிரவுக்கு மேல்.

பெட்டியை வைத்தபின்

வரிசையை ரேடியோவிடமிருந்து பிடுங்கி நம் கையில் வைத்துக்கொள்வதுதான் செயல்முறை. சமுதாயக்கூடத்தில் சுவிட்சுக்கும் ரேடியோவுக்கும் நடுவே லினக்ஸ் ஓடும் ஒரு சின்னக் கணினி, இறக்கத்துக்காக அலுவலகத்தில் இன்னொன்று. ஏற்ற வேகத்தை ரேடியோவின் 20க்குச் சற்றுக் கீழே, 18இல் நிறுத்தினோம். அந்த இரண்டு எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுப்பதால் தேக்கம் நம் பெட்டிக்குள் நிற்கும். கேபிள்காரருக்கு இது மனசு கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதில் பத்தில் ஒரு பங்கை நாமே வெட்டுவதா என்றார். வெட்டாவிட்டால் வரிசை திரும்ப ரேடியோவுக்குள் போய்விடும், அங்கே நமக்கு அதிகாரம் இல்லை.

உள்ளே, வேகத்தை வகுப்பு வாரியாகப் பிரித்துத் தரும் ஹெச்டிபி என்ற லினக்ஸ் வசதி கொண்டு இரண்டு வகுப்பு: கம்பெனி, வீடுகள். ஒன்று காலியாக இருந்தால் மற்றது கடன் வாங்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் கீழே கேக். லினக்ஸ் கர்னலில் 4.19 பதிப்பிலிருந்து, அதாவது 2018 முதல், இருக்கும் வரிசை மேலாண்மை இது. முகவரி வாரியாகப் பங்கு பிரிக்க அதற்குத் தெரியும். அதன் அடியில் உள்ளது கோடெல் என்ற முறையை ஒட்டியது. கேத்லீன் நிக்கோல்சும் அதே வேன் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டது. வரிசை எவ்வளவு நீளம் என்று கோடெல் பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்க்கும். 100 மில்லி நொடி முழுக்க 5 மில்லி நொடிக்குமேல் காத்திருப்பு நீடித்தால் பாக்கெட்டைக் கீழே போடத் தொடங்கும். அனுப்புபவருக்குச் சேதி சீக்கிரம் போய்விடும்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு, ஏற்றம் முழுவதும் நிரம்பியிருந்தபோதே, பிங் 30 மில்லி நொடிக்குள் நின்றது. இறக்கமும் சுறுசுறுப்பானது. இறங்கும் தரவுக்கான ‘கிடைத்தது’ சேதிகள் ஏற்றப் பாதையில்தான் போக வேண்டும். அதுவரை அவையும் அந்தத் தொட்டியில் மாட்டிக்கொண்டிருந்தன. 200 எம்பிபிஎஸ் வாங்கியும் நடக்காதது, 20ஐ 18 ஆக்கியதும் நடந்தது.

தண்ணீர் ஏறும் நேரம்

ஒரு வாரத்துக்கு மேல் புகார் இல்லை. பிறகு சில இரவுகளில் மட்டும் பழையபடி. அடுத்து மறுபடி சுத்தம். புகார் நோட்டை எடுத்து வரிசையாகப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: கெட்ட நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறது. அப்படித் தள்ளிப் போய், நெரிசல் நேரத்தைத் தாண்டியதும் புகார் நின்றுவிடுகிறது. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வருகிறது.

சமுதாயக்கூடத் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் இதைச் சொன்னதும், ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “அது வெள்ளம் ஏறுற நேரம் தம்பி. கச்சான் காலத்துல இந்தப் பக்கம் கடல் அசையாது. தண்ணி மட்டும் ஏறி எறங்கும்.”

ரேடியோவின் பதிவேடு அவர் சொன்னதை உறுதிசெய்தது. ஓதம் ஏறும்போது சமிக்ஞை 5 டெசிபெல் அளவுக்கு விழுந்து, ரேடியோ தானாகக் குறைந்த பண்பேற்றத்துக்கு (அலையில் தரவை ஏற்றும் முறை) இறங்கியது. ஏற்றம் 20இலிருந்து 12க்கு வந்தது. நம் பெட்டி 18இல் அனுப்பிக்கொண்டிருக்கிறது, பாதை 12தான். வரிசை மறுபடி ரேடியோவுக்குள்.

ஏன் விழுகிறது? எதிர்க் கம்பத்துக்கு அலை இரண்டு வழியில் போகிறது: நேராக ஒன்று, கடல்மேல் பட்டுத் தெறித்து ஒன்று. நீர்மட்டத்திலிருந்து அலுவலக ஆன்டெனா 16 மீட்டர், குடியிருப்பு ஆன்டெனா 12.5 மீட்டர். பூமியின் வளைவுக்குக் கொஞ்சம் கழித்துக் கணக்கிட்டால் இரண்டு பாதைக்கும் வித்தியாசம் 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5.2 சென்டிமீட்டர். தண்ணீரில் தாழ்வாகப் பட்டுத் தெறிக்கும் அலை தலைகீழாகத் திரும்புவதால், வித்தியாசம் முழு அலைநீளத்தை நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கடல் அரை மீட்டர் ஏறினால் வித்தியாசம் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்து, சரியாக அந்த அழிவுப் புள்ளியை நோக்கி நகர்கிறது. பெரியவர் சொன்ன கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். தட்டையான தண்ணீர் அலையைச் சிதறாமல் தெறிக்கவைக்கும். வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கிக் கிடப்பதால் இந்தக் கோளாறு தணியும். “மழை வந்தா நெட்டு போயிரும்” என்பது எங்கும் கேட்கும் பேச்சு. இந்த அலைவரிசையில் 6 கிலோமீட்டருக்கு நல்ல மழை பெய்தாலும் ஒரு டெசிபெல் போவதே அதிகம். இங்கே அமைதியான இரவுகள்தான் கெடுத்தன.

கம்பமும் நிரலும்

இரண்டு வேலை செய்தோம். ரேடியோவிடம் ஐந்து நொடிக்கு ஒருமுறை இப்போதைய வேகத்தைக் கேட்டு, ஹெச்டிபியின் உச்சவரம்பை அதற்கு ஏற்ப மாற்றும் சின்ன நிரல் ஒன்று. வேகம் விழுந்தால் உடனே குறைக்கும். ஏறினால் அவசரப்படாமல், சில நிமிடம் நிலைத்தபின் கூட்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் செய்தால் வரம்பு ஊசலாடிக்கொண்டே இருக்கும். கம்பெனியின் 4 எம்பிபிஎஸ் உறுதியும், பாதை 12க்கு இறங்கினால், அதே விகிதத்தில் குறையும் என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி எழுதி வாங்கினோம்.

இரண்டாவது, குடியிருப்புக் கம்பத்தை 3 மீட்டர் உயர்த்தியது. அப்படி உயர்த்தினால் பாதை வித்தியாசம் ஒன்றரை அலைநீளத்துக்கு வந்துவிடும். அங்கே இரண்டு அலையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், அரை மீட்டர் ஓதத்தால் அதைப் பெரிதாகக் கலைக்க முடியாது. அளவு தெரியாமல் ‘உயரமாகப் போனால் நல்லது’ என்று ஏற்றியிருந்தால் அடுத்த அழிவுப் புள்ளியில் போய் நின்றிருக்கவும் கூடும்.

கம்பத்தை உயர்த்தியபின் ஓத நேரத்து வீழ்ச்சி ஒன்றிரண்டு டெசிபெலுக்குள் அடங்கியது. நிரல் வரம்பைத் தொடுவதே அபூர்வமாகிவிட்டது. இருந்தாலும் அதை எடுக்கவில்லை.

இப்போதைய நிலையும் மாற்ற வேண்டியவையும்

வளைகுடா அழைப்புகள் பற்றிய புகார் குடியிருப்பில் ஏறக்குறைய நின்றுவிட்டது. இன்னும் வரும் சிலவற்றைத் தேடிப் போனால் வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. ரவுட்டர் முன்னறையில், பேசுபவர் அடுப்படிக்குப் பின்னால். தூரத்தில் இருக்கும் ஒரு மெதுவான போன் வானலை நேரத்தை முழுக்கத் தின்றுவிடும், பக்கத்தில் இருப்பவருக்கும் மிஞ்சாது. அது வேறு வரிசை, வேறு வேலை.

இதே போன்ற இணைப்பு வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பாதை நிரம்பியிருக்கும்போது பிங் அளப்பது. கேபிள்காரரின் அலுவலகத்தில் இப்போது அது தினசரி வேலை. புகார் நோட்டில் நேரம் எழுதாமல் எந்தப் புகாரையும் வாங்குவதில்லை. மேல்நிறுவனத்தின் ஓராண்டு ஒப்பந்தம் முடியும்போது 200ஐ மறுபடி 100 ஆக்கலாமா என்று பார்க்கிறார். ரேடியோ 80ஐத் தாண்டாது, ஊருக்குள் உள்ள ஃபைபர் வீடுகளுக்கு எவ்வளவு தேவை என்று அளந்து முடிவெடுக்க வேண்டும். இறக்கம், ஏற்றம் என்ற 75:25 பிரிவையும் 65:35 ஆக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. செல்போன் இருக்கும் ஊரில் எல்லோரும் அனுப்புபவர்களாகிவிட்டார்கள்.

உயர்த்திய கம்பத்துக்குக் கூடுதல் இழுகம்பிகள் கட்டியிருக்கிறோம். வாடையில் கம்பம் ஆடினால் ஆன்டெனாவின் குறி தப்பும். அந்தக் காற்றை இந்தக் கம்பம் இன்னும் பார்க்கவில்லை. ஐப்பசி பிறக்குமுன் கம்பிகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, முதல் பெருங்காற்றின்போது ரேடியோ பதிவேட்டைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.